ஏழு வாத்துகள்

"ஆடாம இருடி" என்கிறாள் சித்தி. நான் ஆடவில்லை. முதுகுக்குள் எங்கோ ஒன்று நடுங்குகிறது, அது அவள் விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. குஞ்சலத்தின் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு என் கூந்தலை மூன்றாகப் பிரிக்கிறாள். "வெத்திலை பாக்குதானே மாத்தப்போறாங்க, அதுக்கே இப்படி வேர்க்குதே உனக்கு. தாலி கட்டுற அன்னிக்கு ஆறா ஓடுமா?" சிரிக்கிறாள். நானும் சிரிக்க வேண்டும். வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும் போலிருக்கிறது, அதனால் தலையை மட்டும் அசைக்கிறேன், அதற்கும் திட்டு விழுகிறது. முன்கூடத்தில் பாய் விரிக்கும் சத்தம். யாரோ தண்ணீர்ச் செம்பை வைக்கிறார்கள். அப்பாவின் குரல், வழக்கத்தைவிடப் பெரிதாக, "வாங்க, வாங்க, இப்படிக் காத்துல உக்காருங்க." வந்துவிட்டார்கள். அவர் வந்துவிட்டார். அவரா, அவனா? காலையிலிருந்து மனசுக்குள் அந்த ஒரு எழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். நேற்று வரை அவர். பல் விளக்கிக்கொண்டே அப்பா கிணற்றடியில் அதைச் சொன்னதிலிருந்து இரண்டும் வாயில் நிற்கவில்லை.

அப்பா எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். ஏதோ விடுகதை கிடைத்த மாதிரி. "நேத்து இங்கிலீசுக்காரன் படகு ஒண்ணு ஆத்து முகத்துல மணல் தட்டி நின்னுபோச்சு கோகிலம். அதுல நம்ம பாஷைக்காரன் ஒருத்தன் இருந்திருக்கான், குதிச்சு ஓடிட்டான். விட்டுட்டுப்போன பையில ஒரு காகிதம். தமிழ்ல. என்ன எழுதியிருக்கு தெரியுமா? நாளை விடியுமுன் ஏழு வாத்து தெற்கே போகும். வாத்தாம்! கோட்டையில பிரெஞ்சுத் துரைங்க ராத்திரி பூரா தலையப் பிச்சுக்கிட்டாங்களாம்." நான் வாளிக் கயிற்றைப் பிடித்திருந்தேன். கயிறு கையை அறுத்துக்கொண்டு ஓடியது, வாளி தண்ணீரில் விழுந்த சத்தம் வெகு நேரம் கழித்துக் கேட்டது. அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பன்னெண்டு நாளைக்கு முந்தி அரிசிக்குப் போன ஏழு சலங்குப் படகைச் சொல்லியிருக்கான். அதான் இங்கிலீசுக்காரன் கப்பல் வந்து அந்த இடத்துல காத்துக்கிட்டு நின்னிருக்கு. இந்த ஊர்ல எழுதத் தெரிஞ்ச கை எனக்குத் தெரியாததா? துபாஷி ஐயா நம்ம வீட்டு விசேஷத்துக்கு வர்றப்ப கையோட கொண்டுவர்றேன்னிருக்கார். பாத்துச் சொல்லணுமாம்." துறையில் வந்து போகும் படகுகளையெல்லாம் மேற்பார்க்கிறவர் என் அப்பா. எந்த வியாபாரியின் சீட்டானாலும் கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். ஆண்பிள்ளை இல்லாத குறைக்கு எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

வாத்து என்பது என் வார்த்தை. இந்தப் புதுச்சேரியில், இந்த உலகத்தில், சலங்குப் படகை வாத்து என்று சொல்கிறவர்கள் இரண்டே பேர், நானும் இப்போது கூடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிற அவரும். "இந்தப் பக்கம் திரும்பு" என்கிறாள் சித்தி. திரும்புகிறேன். மூன்றாவது கடிதத்திலோ நான்காவதிலோ அவர் கேட்டிருந்தார், உங்கள் மாடியிலிருந்து பார்த்தால் கடலில் என்ன தெரியும் என்று. என்ன தெரியும், தூரத்தில் இங்கிலீசுக்காரன் கப்பல் இரண்டு, ஊருக்குள் அரிசி வரவிடாமல், கழுத்தைப் பிடித்தமாதிரி. கரையில் நம் சலங்குகள், கயிற்றால் தைத்த பலகைப் படகுகள், பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு. வாத்துகள் மாதிரி, அலை வந்தால் வாலை ஆட்டுகின்றன என்று எழுதினேன். எழுதிவிட்டு வெட்கமாக இருந்தது. அவர் பதிலில் எழுதினார், தினமும் எத்தனை வாத்து, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று எழுது கோகிலம், நீ பார்த்ததை நானும் பார்த்தபடி தூங்குவேன். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு இனிப்பு. யாரும் என்னிடம் நீ என்ன பார்த்தாய் என்று கேட்டதே இல்லை. சாயங்காலம் ஆனால் துணி எடுக்கிற சாக்கில் மாடிக்குப் போவேன். ஒன்று, இரண்டு, மூன்று. தண்ணீர்ப் பானை ஏற்றினால் தூரம் போகிறது. பாய் கட்டினால் விடியற்காலையில் போகிறது. அப்பா சாப்பிடும்போது தெற்கா வடக்கா என்பது தானாக வரும். ஒன்றையும் நான் வேலை மெனக்கெட்டுத் தேடவில்லை. எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் கிடந்தது, அதை அள்ளி அவருக்கு அனுப்பினேன், பூ அனுப்புகிற மாதிரி.

ஆனால் அந்தக் காகிதம் யார் கையெழுத்து? அப்பா அதைச் சொல்லவில்லை. அப்பா இன்னும் பார்க்கவில்லை. அதில்தான் எல்லாம் இருக்கிறது. என் கடிதத்தைப் பார்த்து அவர் தன் கையால் படி எடுத்து அனுப்பியிருந்தால், என்னை மறைத்துத் தன் கழுத்தை நீட்டியிருக்கிறார் என்று அர்த்தம். என் கடிதத்தையே அனுப்பியிருந்தால்? அனுப்பியிருக்கமாட்டார். மை தொட்டு ஒரு வரி எழுத எத்தனை நேரம்? துணிக் கிடங்கில் எழுத்தர் வேலை, காதில் எப்போதும் பேனா. படிதான் எடுத்திருப்பார். எடுத்திருந்தால் என்ன, அவர் ஒற்றன் இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. ஆனாலும் மனசு அங்கேதான் போய் முட்டுகிறது. படி எடுத்தாரா, எடுக்கவில்லையா. ஒற்றனாக இருக்கட்டும், என்னை ஒரு விரற்கடையாவது நினைத்தாரா, இல்லையா. எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது. கடலில் ஆட்கள் போயிருக்கிறார்கள், நான் இதை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

சித்தி என் பெட்டியைத் திறக்கிறாள். "அந்த அரக்குச் சேலை எங்கடி?" பெட்டிக்கு அடியில் விரித்த பழந்துணிக்குக் கீழே அவருடைய கடிதங்கள் பதினொன்று. "மேலேயே இருக்கு சித்தி." "மேலே பச்சை இருக்கு." அவள் கை உள்ளே போகிறது. ஒவ்வொரு சேலையாகத் தூக்குகிறாள். விடிந்ததும் அடுப்பில் போட்டிருக்கலாம். அடுப்படிக்கு இரண்டு தடவை போனேன், இரண்டு தடவையும் யாரோ இருந்தார்கள். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் இரண்டாம் தடவை யாரும் இல்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, நான் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். "கிடைச்சுருச்சு" என்கிறாள். நிமிர்ந்து மூக்கைச் சுளிக்கிறாள். "என்னடி பெட்டிக்குள்ள மீன் வாடை?" எலி எதையாவது இழுத்து வந்திருக்கும் என்கிறேன். எவ்வளவு சுலபமாக வருகிறது. இந்த மூன்று மாதத்தில் பழகிவிட்டது. அந்தக் கடிதங்களெல்லாம் அஞ்சலையின் மீன்கூடையில், ஓலைக்கு அடியில் வந்தவை. கடற்கரைக் குப்பத்திலிருந்து எங்கள் கொல்லைக்கு மீன் கொண்டுவருகிறவள். துணி மூட்டை இறங்குகிற இடமும் அந்தக் குப்பந்தான். அவர் அவளிடம் கொடுப்பார், அவள் என்னிடம் கொடுப்பாள், நான் அவளிடம் கொடுப்பேன். "என்ன பாப்பா எழுதுற, இம்மாம் பெரிசா?" என்று ஒருநாள் கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "வாத்துக் கதை" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஏழு சலங்கில் இரண்டுதான் திரும்பின. அஞ்சலையின் புருஷன் போன சலங்கு திரும்பவில்லை. பீரங்கிக் குண்டு பட்டுப் பிளந்தது என்றார்கள். அந்தக் கடிதத்தையும் அவள்தான் கொண்டுபோனாள். ஏழு என்று எழுதி மடித்து, எண்ணெய் ஓலையில் சுற்றி, அவள் கையில் கொடுத்தேன். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, பெரியவன் அப்பா நாளைக்குக் காலம்பர அரிசிக்குப் போறாரு பாப்பா, வந்ததும் உனக்குச் சீரகச் சம்பா ஒரு படி வாங்கியாறேன் என்றாள். சேலை உடுத்திக்கொண்டிருக்கிறேன். சித்தி கொசுவத்தை உதறி உதறி மடிக்கிறாள். எனக்கு மூச்சு முட்டுகிறது. கட்டு இறுக்கமோ என்று அவள் தளர்த்துகிறாள். முதல் நாள் அவரைப் பார்த்ததும் இந்தச் சேலையால்தான். சதுரங்கப்பட்டினத்துத் துணி வந்திருக்கிறது என்று மூட்டையோடு வாசலுக்கு வந்தார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து சிவப்பைக் கேட்டேன். "அதை எடுக்காதீங்க, ரெண்டு வெயிலுக்குக் கறுத்துப்போகும். இந்த அரக்கு நிக்கும்" என்றார். விற்க வந்தவன் விற்கக் கூடாததைச் சொல்கிறானே என்று அப்பாவுக்கு அவரை அன்றே பிடித்துப்போனது. எனக்கும். துறை மேற்பார்வைக்காரர் வீடு என்று தெரிந்துதான் வந்திருப்பாரா? தெரியாமல் வந்து பிறகு தெரிந்திருக்குமா? சிவப்பு நிஜமாகவே கறுக்குமா? அதை யாரும் வெயிலில் வைத்துப் பார்க்கவில்லையே.

"கொல்லையில யாரு?" என்று சித்தி ஜன்னல் பக்கம் போகிறாள். "அஞ்சலையா? இன்னிக்கா வர்றது நீ? நல்ல காரியம் நடக்கிற வீடு, தெரியாதா?" வெளியே அந்தக் குரல், தண்ணீர் வற்றினமாதிரி. "உள்ள வரலம்மா. மாட்டுக் கொட்டா பக்கம் உக்காந்திருக்கேன். பந்தி முடிஞ்சா கஞ்சித் தண்ணி இருந்தா ஊத்துங்க, புள்ளைங்களுக்கு." சித்திக்குக் கோபமும் இல்லை, பாவமும் இல்லை, நேரம்தான் இல்லை. "சரி, சரி, முன்னால வராம அங்கேயே இரு." திரும்பி வந்து என் நெற்றியில் பொட்டு வைக்கிறாள். அவள் விரல் என் புருவத்துக்கு நடுவில் ஒரு கணம் நிற்கிறது. "உங்கம்மா இருந்து பாத்திருக்கணும்" என்கிறாள். கூடத்திலிருந்து அப்பா கூப்பிடுகிறார்.

குனிந்த தலையோடு கூடத்துக்குப் போவது நல்லது, யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். பாய்க்கோடுகள். வெற்றிலைத் தட்டு. ஒரு ஜோடிக் கால்கள், விரல் நகத்தில் சாயம் ஒட்டியது, அது அவர். பக்கத்தில் சந்தன வாசனை, அது துபாஷி. துரைமார் பேசுவதை நமக்கும் நாம் பேசுவதைத் துரைமாருக்கும் சொல்கிறவர், கோட்டையில் அவர் வார்த்தைக்கு மறு வார்த்தை இல்லை. வாசலில் அவருடைய சேவகர்கள் இரண்டு பேர். விழுந்து கும்பிட்டுவிட்டு ஓரமாக நிற்கிறேன். "நல்ல நேரத்துக்கு இன்னும் கொஞ்சம் இருக்கே முதலியாரே" என்று துபாஷி இடுப்பு மடிப்பிலிருந்து எடுக்கிறார். "அதுக்குள்ள இதைக் கொஞ்சம் பாருங்க." சின்னக் காகிதம். உள்ளங்கை அகலம்கூட இல்லை. மேலே கிழிந்த ஓரம். ஒரு கடிதத்திலிருந்து கிழித்தது. "பின்பக்கம் அரை வரி இருக்கு, அதுதான் ஒண்ணும் புரியலை. ளை நினைத்துக்கொண்டு மாடியில், அப்படின்னு நிக்குது." உங்களை நினைத்துக்கொண்டு மாடியில் வெகு நேரம் நின்றேன் என்று நான் எழுதியது. முன்பக்கத்தில் வாத்துகள். படி எடுக்கவில்லை. ஒரு வரியைக் கிழித்தெடுத்து அனுப்பியிருக்கிறார். மை தொடக்கூட இல்லை. இவ்வளவு நேரம் ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்த ஏதோ ஒன்று எனக்குள் எழுந்து வெளியே போய்விட்டது.

அப்பா காகிதத்தைக் கை நீட்டித் தூரப் பிடித்துப் பார்க்கிறார். எழுதப் பழகின நாளிலிருந்து என் ழுவுக்குத் திட்டு வாங்கியிருக்கிறேன், வால் ஏன் இப்படிக் கிணற்றுக் கயிறு மாதிரி தொங்குகிறது, சுருக்கு, சுருக்கு என்பார். ஏழு. அவர் கண் அந்த எழுத்துக்கு வந்த இடம் எனக்குத் தெரிந்தது. முகத்தில் ஒன்றும் ஆகவில்லை. காது மடல் மட்டும் வெளுத்தது. என்னை அவர் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எவ்வளவு பலம் வேண்டியிருந்தது என்று அவர் தோளில் தெரிந்தது. "தெரியலைங்க" என்றார். என் அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. "இந்தக் கையை நான் பாத்ததில்லை." துபாஷி வாங்கி மாப்பிள்ளையிடம் நீட்டினார். "நீங்களும் நாலு ஊர்ச் சீட்டுப் பாக்கிறவர்தானே?" அவர் வாங்கினார், வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "வடக்கத்திக் கை மாதிரி இருக்குங்க. நிச்சயமாச் சொல்ல முடியலை." திருப்பிக் கொடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார், மெல்லச் சிரித்தார். பயப்படாதே என்கிற சிரிப்பு. காகிதம் மறுபடியும் துபாஷியின் மடிப்புக்குள் போயிற்று. முடிந்தது. அப்பா சொல்லமாட்டார், அவர் சொல்லமாட்டார், நான் சொல்லாவிட்டால் இனி யாருக்கும் தெரியாது. வெற்றிலை மாற்றுவார்கள். தை மாதம் கல்யாணம். பிறகு சதுரங்கப்பட்டினம் போய்விடுவோம், அது ஒல்லாந்துக்காரன் ஊர், அங்கே சண்டை இல்லை, அரிசி இருக்கிறது. பிள்ளைகள் பிறக்கும். ஒவ்வொரு சாயங்காலமும் அவர் என்னிடம் இன்றைக்கு என்ன பார்த்தாய் என்று கேட்பார். நான் சொல்வேன். எண்ணிச் சொல்வேன். அப்பா இனி ஒருநாளும் என் முகத்தைப் பார்க்கமாட்டார். கொல்லையில் அஞ்சலை கஞ்சிக்கு உட்கார்ந்திருப்பாள்.

"அது என் எழுத்து."

யார் குரல் என்று எல்லோரும் தேடினார்கள். கூடத்தில் ஒரு பெண் பேசுவதே வழக்கமில்லை. "கோகிலம்" என்றார் அப்பா, கெஞ்சுகிற மாதிரி. "அது என் எழுத்து, ஐயா" என்றேன் துபாஷியிடம். "வாத்துன்னா சலங்கு. இவருக்கு எழுதின கடிதத்துல கிழிச்சது. தினமும் எண்ணி எழுதச் சொன்னது இவர்." துபாஷி அவரைப் பார்த்தார். அவர் பதறவில்லை. வருத்தப்படுகிறவர் போல அப்பா பக்கம் திரும்பி, "இந்தப் பெண்ணை நான் இன்னிக்குத்தான் கண்ணால பாக்கறேன். நானாவது, கடிதமாவது? உடம்புக்கு ஏதாவதா ஐயா? சொல்லியிருக்கலாமே" என்றான்.

அவன். அந்த எழுத்து தானாக வந்து விழுந்துவிட்டது. எனக்கு அழுகைகூட வரவில்லை. "பதினொரு கடிதம் இருக்கு. எடுத்துட்டு வர்றேன்" என்றேன். அறைக்கு நடந்தேன். சித்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வழி விட்டாள். பெட்டியைக் கவிழ்த்தேன். திரும்பி வந்து கொடுத்தபோது துபாஷி முதல் கடிதத்தைப் பிரித்து, முகர்ந்து, இரண்டு வரி வாய்க்குள் படித்தார். "நீ பார்த்ததை நானும் பார்த்தபடி..." நிறுத்திவிட்டார். துணிக் கிடங்கின் சீட்டுகளில் தினமும் பார்க்கிற கை அது, அப்பாவுக்குக்கூட அதைக் காட்ட வேண்டியிருக்கவில்லை. சேவகர்கள் உள்ளே வந்தார்கள். அவன் ஓடப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டும்போது நின்றான். "படகைத்தான் புடிப்போம்னாங்க. சுடுவாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றான் தாழ்ந்த குரலில். பிறகு, "உன்னையும் விடமாட்டாங்க கோகிலம். தெரிஞ்சுதான் செஞ்சியா?" அதில் கோபம் இல்லை. என் பெயரை அவன் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நிஜமாகவே கவலைப்பட்டானா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. "தெரியும்" என்றேன். கூட்டிக்கொண்டு போனார்கள். துபாஷி அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். "மத்தியானம் பெண்ணைக் கோட்டைக்கு அழைச்சுக்கிட்டு வாங்க முதலியாரே. சேவகனை அனுப்பறதைவிட நீங்களே கூட்டிக்கிட்டு வந்தா நல்லது. விவரம் தெரியாத பெண்ணுன்னு நான் சொல்லிப்பாக்கறேன். துரை கேப்பாரான்னு சொல்ல முடியாது." அப்பா எழுந்து நிற்க முயன்றார், முடியவில்லை, பாயிலேயே உட்கார்ந்து என் பக்கம் கையை நீட்டினார். போய்ப் பிடித்துக்கொண்டேன். "நான் மறைச்சிருப்பேனே" என்றார். "தெரியும்ப்பா." "கடைசி வரைக்கும் மறைச்சிருப்பேன்." கை சில்லென்று இருந்தது. சூடு வரும் வரைக்கும் விடவில்லை.

மத்தியானத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அடுப்படியில் யாருமே இல்லை, வடித்த சோறு அப்படியே இருக்கிறது. ஒரு சட்டி நிறைய அள்ளிக்கொண்டு கொல்லைக்குப் போகிறேன். மாட்டுக் கொட்டகை ஓரம் அஞ்சலை எழுந்து நிற்கிறாள், நகையும் சேலையுமாக என்னைப் பார்த்ததும் ஒதுங்குகிறாள், தன் நிழல் என்மேல் விழக்கூடாது என்று. "நீ எதுக்கு பாப்பா வர்ற? ஆகாது." கழுத்து வெறுமையாக இருக்கிறது. சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளுக்கு எதிரே மண்ணில் உட்காருகிறேன். சொல்கிறேன். எங்கும் நிறுத்தாமல், அவனில் ஆரம்பித்து, மாடி, வாத்து, ஏழு, அவள் கூடை, கப்பல். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எப்போது அடிக்கப்போகிறாள் என்று என் கன்னம் காத்திருக்கிறது. அடிக்கவில்லை. நடுவில் ஒருதரம் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான். நான் முடித்ததும் கேட்டாள்.

"அந்தக் காகிதத்துல அவரு பேரு இருந்துச்சா?"

"இல்லை அஞ்சலை. ஏழுன்னு மட்டுந்தான் எழுதினேன். பேரு எனக்குத் தெரியாது."

தெரியாதுதான். கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை, எந்தப் பெண்தான் புருஷன் பெயரைச் சொல்வாள். அவர் என்பாள், எங்க வூட்டுல என்பாள், பெரியவன் அப்பா என்பாள். கொல்லைக்கதவைப் பார்க்கிறாள், யாராவது கேட்டுவிடுவார்களோ என்பது போல. பிறகு என் கண்ணை நேராகப் பார்த்து, உரக்க, கடற்கரையில் அலைக்கு மேல் கூப்பிடுகிற குரலில் சொல்கிறாள்:

"மன்னாதன்."